எந்த மொழி, எந்த ஆண்டு

பலர் கூடித் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியங்களைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் சாரத்தை அக்களஞ்சியங்களில் எழுதுவோர்க்கும் பொது வாசகர்க்கும் எடுத்துச் சொல்லும் பணி, தனித் தொழிலாகவோ பட்டப்படிப்பாகவோ எங்கும் நிலைபெற்றதில்லை. நூலகவியலும் மொழிபெயர்ப்பும் சிறிதளவு புள்ளியியலும் கலந்த இப்பணியைப் பெரும்பாலோர் ஊதியமின்றி, வேறொரு வேலை விட்டுவைக்கும் நேரத்தில் செய்கின்றனர். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் இருந்துகொண்டு இதனைத் தமிழில் செய்துவரும் தொகுப்பாளர் ஒருவரின் பட்டறிவே இங்குக் கட்டுரையாகிறது. அவர் கற்றவற்றுள் பாதிக்கு மேல் தம் பிழைகளிலிருந்து கற்றவை என்பதால், பிழைகளுக்கும் இதில் இடம் உண்டு.

விக்கி என்பது உலாவியின் வழியாகவே எவரும் திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுதி. வார்டு கன்னிங்காம் 1995இல் உருவாக்கிய முதல் விக்கிக்கு, ‘விரைவு’ என்று பொருள்படும் ஹவாய்மொழிச் சொல்லையே பெயராக வைத்தார். அம்முறையில் 2001 சனவரி 15 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. ஆய்வாளர்கள் இவற்றின்மீது கொண்ட பெருவிருப்பத்துக்குக் காரணம் கட்டுரைகளின் உள்ளடக்கம் மட்டுமன்று, ஒவ்வொரு கட்டுரையின் பின்னும் நிற்கும் ‘வரலாறு’ என்ற பக்கமே பெருங்காரணம். எந்தப் பயனர், எந்த நாளில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார், நீக்கியதை மற்றொருவர் எப்போது மீள்வித்தார் என்பவை அனைத்தும் அங்கு அழியாமல் கிடக்கின்றன. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்திலும் எத்தனையோ வாதங்களும் வெட்டுகளும் திருத்தங்களும் நிகழ்ந்திருக்கும். ஆயினும் அச்சேறிய பக்கம் அவற்றுள் ஒன்றையும் காட்டாது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்து 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியின் கைப்படிகளில் அவர் எத்தனை முறை மனம் மாறினார் என்பதையும் எவரும் இன்று எண்ணிச் சொல்ல இயலாது. மாறாக, பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் பழைய வடிவங்களை ஒரு பள்ளி மாணவர்கூட வரிசையாகத் திறந்து ஒப்பிடலாம். கலைக்களஞ்சியம் உருவாகும் சமையலறையே திறந்து கிடப்பதால், அறிவு எவ்வாறு கூடிச் சமைக்கப்படுகிறது என்பதை ஆராய்வோர்க்கு அதனினும் வாய்ப்பான களம் வேறில்லை.

இதன் விளைவாகக் கணினியியல், சமூகவியல், மொழியியல், நூலகவியல், மருத்துவம், சட்டம் என வெவ்வேறு துறைகளின் ஆய்விதழ்களில் கட்டுரைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு துறையார் கண்டதை மற்றொரு துறையார் அறியாமல் மீண்டும் கண்டுபிடிப்பதும் உண்டு. 2005இல் விக்கிகளுக்கெனவே ஒரு பன்னாட்டு ஆய்வரங்கு தொடங்கிற்று. 2011 முதல் விக்கிமீடியா ஆய்வு மடல் புதிய கட்டுரைகளைத் திங்கள்தோறும் திறனாய்ந்து வெளியிடலாயிற்று. சிட்டு ஒகோலியும் அவருடன் இணைந்தோரும் பல நூறு ஆய்வுகளைத் திரட்டிப் பகுத்த மதிப்பாய்வு 2012இல் வந்தது. இத்தகைய ஆங்கிலத் திரட்டுகள் இருக்கும்போது தமிழில் ஒருவர் தனியே தொகுப்பது வீண் உழைப்பு என்ற எண்ணம் பூதப்பாண்டித் தொகுப்பாளருக்கும் தொடக்கத்தில் இருந்தது. அவ்வெண்ணம் மாறிய விதத்தைப் பின்னர்க் காணலாம்.

நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் இருப்பதுபோல் இத்தொழிலுக்கும் இரு பருவங்கள் உண்டு. மனிதர்–கணினி உறவாடல் பற்றிய பெருமாநாடும் இணைய மாநாடும் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி வருவதால், ஊரில் கன்னிப்பூச் சாகுபடிக்கு உழவு நடக்கும் நாள்களில் கட்டுரைகள் வந்து குவியும். கூட்டுப்பணி பற்றிய மாநாடு அக்டோபர், நவம்பரில் கூடுவதால் அடுத்த வரத்து கும்பப்பூப் பருவத்தில் வரும். இடைப்பட்ட மாதங்களில் ஆய்விதழ்களிலிருந்தும் முன்பதிப்புக் களங்களிலிருந்தும் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருக்கும். முன்பதிப்பு என்பது அத்துறை அறிஞர் பிறர் படித்து மதிப்பிடும் முன்பே ஆசிரியர் பொதுவில் வைக்கும் வடிவம். மதிப்பீட்டுக்குப் பின் அதன் முடிவு மாறிவிடவும் கூடும் என்பதால், முன்பதிப்பைப் படித்து எழுதிய குறிப்பில் அதனைக் குறிப்பிடாமல் விடுவது, பதர் நீக்காத நெல்லை அரிசி விலைக்கு அளந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சேர்ப்பது இத்தொழிலின் எளிய பகுதி. ஜோட்டீரோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றிருந்தால் நூற்குறிப்புகளை வரிசைப்படுத்தும் வேலை முடிந்துவிடும். கட்டணம் கட்டினாலன்றித் திறக்காத ஆய்விதழ்களே முதல் தடை. பல்கலைக்கழக நூலகச் சந்தா இல்லாத ஊர்க்காரர், ஆசிரியர் தம் நிறுவனக் களஞ்சியத்தில் வைத்துள்ள படியைத் தேடுவார். கிடைக்காவிடில் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பார். கேட்டவர்க்கு மறுத்த ஆய்வாளர் மிகச் சிலரே என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். எனினும் முழுக் கட்டுரையும் கிடைக்காத நேரங்களில் சுருக்கத்தை மட்டும் படித்துக் குறிப்பு எழுதும் ஆசை எழுவது இயல்பு. பூதப்பாண்டித் தொகுப்பாளர் பேணும் ஆய்வுப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் எதிரிலும் ‘முழுதும் படித்தது’, ‘சுருக்கம் மட்டும்’ என்ற இரு சொற்களுள் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும் என்ற விதி, அவ்வாசைக்குப் பூட்டு இடுவதற்காகவே ஏற்பட்டது.

உண்மையான உழைப்பு, ஓர் ஆய்வு எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் இருநூறு சொற்களுக்குள் எழுதுவதில் இருக்கிறது. இதற்குப் பழைய, எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு 2005 டிசம்பரில் நேச்சர் இதழ் வெளியிட்ட ஒப்பீடு. விக்கிப்பீடியாவும் பிரிட்டானிக்காவும் ஏறக்குறைய ஒரே தரத்தன என்று அது மெய்ப்பித்ததாக இன்றும் தமிழ் மேடைகளில் சொல்லப்படுகிறது. நிகழ்ந்தது இதுவே: அறிவியல் தலைப்புகளில் அமைந்த 42 இணைக் கட்டுரைகள், எது எந்தக் களஞ்சியத்தது என்று சொல்லப்படாமல் துறை வல்லுநர்களிடம் கொடுக்கப்பட்டன, பெரும்பிழைகள் இரண்டிலும் நான்கு நான்காக இருந்தன, சிறுபிழைகளும் விடுபாடுகளும் தவறான கூற்றுகளும் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. ஆக, கட்டுரைக்கு நான்கும் மூன்றும். இது நேச்சரின் செய்திப் பிரிவு நடத்திய விசாரணை. அவ்விதழின் ஆய்வுக் கட்டுரைகள் கடந்துவரும் மதிப்பீட்டைக் கடந்ததன்று. பிரிட்டானிக்கா 2006 மார்ச்சில் விரிவான மறுப்பு வெளியிட்டது. நேச்சர் தன் முடிவைத் திரும்பப் பெறவில்லை. மூன்றும் நான்கும் ‘ஏறக்குறைய ஒன்று’ என்பதும் ‘மூன்றில் ஒரு பங்கு மிகுதி’ என்பதும் ஒரே எண்களின் இரு வாசிப்புகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடப்பட்டது ஆங்கில விக்கிப்பீடியாவின் அறிவியல் கட்டுரைகள் மட்டுமே. அம்முடிவைத் தமிழ் விக்கிப்பீடியாவின் கோயில் கட்டுரைகளுக்கோ ஆங்கில விக்கிப்பீடியாவின் வரலாற்றுக் கட்டுரைகளுக்கோ நீட்டுவதற்கு அந்த ஒப்பீட்டில் ஓர் எழுத்தும் இடம் தரவில்லை.

இவ்வளவு அறிந்த தொகுப்பாளரே இதே வகைப் பிழையைத் தாமும் செய்தார் என்பதுதான் இக்கட்டுரை பதிவு செய்யவேண்டிய முதற்செய்தி. ஏரன் ஹால்ஃபேக்கரும் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, விக்கிப்பீடியாவில் திங்கள்தோறும் ஊக்கமுடன் தொகுப்போர் எண்ணிக்கை 2007இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டி உச்சம் தொட்டுப் பின் சரியத் தொடங்கியதன் காரணங்களை ஆராய்ந்தது. விசமத் தொகுப்புகளைத் தடுக்க உருவான தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்துடன் வந்த புதியவர்களின் முதல் முயற்சிகளையும் சேர்த்தே மீள்வித்ததால், வந்தவர்கள் நிலைக்காமல் திரும்பினர் என்பது அதன் சாரம். தொகுப்பாளர் இதனைத் தமிழில் சுருக்கி எழுதியபோது ‘விக்கிப்பீடியா’ என்ற சொல்லின் முன் ‘ஆங்கில’ என்ற நான்கெழுத்தை இடாமல் விட்டார். சில மாதம் கழித்து ஒரு பயிற்சி முகாமில், தமிழ் விக்கிப்பீடியா 2007 முதல் தேய்ந்து வருவதாக ஆய்வு சொல்கிறது என்று ஒருவர் அக்குறிப்பையே காட்டிப் பேசினார். 2007இல் தமிழ் விக்கிப்பீடியா நான்கு வயதுக் குழந்தை. அது ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியதே 2017 மே மாதத்தில்தான். அங்குத் தானியங்கிக் கருவி புதியவரை விரட்டுவதைவிட, வந்தவரை வரவேற்கவே போதிய ஆள் இல்லாமைதான் கவலையாக இருந்தது. பேசியவர்மீது பிழை இல்லை. குறிப்பை நம்பினார், அவ்வளவே.

அன்றிலிருந்து பட்டியலில் ‘எந்த மொழி’, ‘எந்த ஆண்டுத் தரவு’ என்ற இரு கட்டங்கள் சேர்ந்தன. ஆண்டு என்பது கட்டுரை அச்சான ஆண்டன்று, தரவு எடுக்கப்பட்ட ஆண்டு. இரண்டுக்கும் இடையே நான்கைந்து ஆண்டு இடைவெளி இருப்பது அரிதன்று. மொழிக் கட்டத்தை நிரப்புவதோ எதிர்பாராத அளவுக்குக் கடினமாயிற்று, ஏனெனில் ஆங்கிலத்தை ஆராய்ந்தோர் பலர் தாம் ஆராய்ந்தது ஆங்கிலத்தை என்று கட்டுரையில் எங்கும் எழுதுவதில்லை. எமிலி பெண்டர் என்ற மொழியியலாளர், ஆராயும் மொழியின் பெயரைச் சொல்லுங்கள், அது ஆங்கிலமே ஆயினும் சொல்லுங்கள் என்று கணினி மொழியியலாரிடம் வலியுறுத்தி வந்தார். 2019இல் அது அவர் பெயராலேயே ஒரு விதியாகப் பேசப்பட்டது. பூதப்பாண்டிப் பட்டியலில் அத்தகைய கட்டுரைகளுக்கு எதிரே ‘ஆங்கிலம் (சொல்லப்படவில்லை)’ என்று எழுதப்படுகிறது. ஆங்கிலத் திரட்டுகள் இருக்கையில் தமிழ்த் திரட்டு எதற்கு என்ற பழைய ஐயம் கரைந்ததும் அந்த அடைப்புக்குறியைத் திரும்பத் திரும்ப எழுதியபோதுதான். ஆங்கில வாசகர்க்கு அக்கட்டம் வெறுமையாக இருந்தாலும் குறைவில்லை. தமிழ் வாசகர்க்கு அதுவே முதற்கேள்வி.

மொழிபெயர்ப்பில் எதிர்ப்படும் இடர்களுள் ஒன்றை மட்டும் இங்குக் குறிக்கலாம். இத்துறைக் கட்டுரைகளில் மிகுதியாக வரும் ஆங்கிலச் சொல்லொன்றுக்கு அகராதி தரும் பொருள் ‘சமூகம்’ அல்லது ‘சமுதாயம்’. நாஞ்சில் நாட்டில் இச்சொற்கள் பலகைகளிலும் திருமண மண்டபங்களிலும் சாதிப்பெயரை அடுத்தே வருபவை. ‘விக்கிச் சமூகத்தின் வழக்கங்கள்’ என்று எழுதினால் ஊர் வாசகர் ஒருவருக்கு அது வேறு ஏதோ பிரிவினரின் சடங்குபோல் ஒலிக்கக் கூடும். ஒருவர் அவ்வாறு கேட்டும்விட்டார். எனவே ‘பங்களிப்போர் கூட்டம்’ என்பதே இப்போது கையாளப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியர் தம் பொது உரையாடல் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்தது எத்தனை நுட்பமான தேர்வு என்பது இத்தகைய இடங்களில்தான் விளங்குகிறது.

பிழை திருத்தப்பட்ட ஆய்வு, திருத்தப்படாத ஆய்வின் வேகத்தில் பரவுவதில்லை என்பது இத்தொழிலின் மற்றொரு பாடம். விக்கிப்பீடியாவில் தொகுப்போருள் பெண்கள் 13 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற 2008ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவு உலகெங்கும் பரவியது. அது விரும்பியவர் மட்டும் விடையளித்த கணக்கெடுப்பு என்பதால், விடையளிக்கும் ஆர்வத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருந்திருக்கலாம் என்று கருதிய பெஞ்சமின் மாகோ ஹில்லும் ஏரன் ஷாவும் அதனை வேறொரு கணக்கெடுப்புடன் பொருத்தித் திருத்தி, 2013இல் அம்மதிப்பீட்டை ஏறத்தாழ 16 விழுக்காடாக உயர்த்தினர். இடைவெளி பெரிது என்ற உண்மை மாறவில்லை, அளவே மாறியது. ஆயினும் கூட்டங்களில் இன்றும் கேட்பது பழைய எண்ணைத்தான். பட்டியலில் பழைய ஆய்வின் பதிவுக்குக் கீழேயே திருத்திய ஆய்வைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் இதனால் வந்தது. தனியே வைத்தால் அதைத் தேடிப் போகமாட்டார்கள்.

தமிழ்க் களஞ்சியங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தேடுவது முற்றிலும் வேறுவகை வேலை. உத்தமம் அமைப்பு நடத்தும் தமிழ் இணைய மாநாட்டு மலர்களிலும், பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்காவிலும், கல்லூரிக் கருத்தரங்கக் கோவைகளிலும் அவை கிடக்கின்றன. ஆனால் தேடுபொறியின் கண்ணுக்கு அவற்றுள் பல தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்கும் முன் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களில் தமிழ் தட்டெழுதப்பட்டது. அக்கோப்புகள் திரையில் தமிழாகத் தோன்றினாலும் கணினிக்கு அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துக்குவியல். யூனிகோடில் இருப்பவற்றிலும் விக்கிப்பீடியா, விக்கிபீடியா, விக்கிபிடியா என்று ஒற்று மிகுந்தும் மிகாமலும் குறில் நெடில் மாறியும் பெயர் வருவதால், ஒரே தேடலை நான்கு முறை செய்யவேண்டும். ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் நான்கு வகையாக எழுதிப் பழகிய பூதப்பாண்டிக்காரருக்கு இது புதிய துன்பமன்று.

இவ்வாறு கிடைத்தவற்றுள் தலையாயது கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம் பற்றியது. கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகள் சிலவற்றுக்குப் பெயர்த்து ஏற்றியபோது, வங்காள விக்கிப்பீடியர் அவற்றை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர் மறுப்பதற்கு மாறாகப் பேசித் திருத்தும் வழியைத் தேர்ந்தனர். ஆங்கிலத் தொடரமைப்பு அப்படியே நிற்கும் நடை, தமிழ் வாசகர்க்கு முதன்மையற்ற தலைப்புகள், ஏற்றிவிட்டுத் திரும்பிப் பாராமை ஆகிய குறைகளைச் சான்றுகளுடன் தொகுத்த அறிக்கையை அ. இரவிசங்கர் 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் வைத்தார். பங்களிப்போரே ஆய்வாளராகி எழுதிய அத்தகைய அறிக்கை, பல்கலைக்கழக முத்திரை இல்லாத காரணத்தால் மேற்கோள் பட்டியல்களில் எளிதில் இடம் பெறுவதில்லை. ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பு இத்தனை பெருகியுள்ள இன்று, அதனினும் பயனுள்ள வாசிப்பு தமிழில் தொகுப்போர்க்கு அரிது என்பது தொகுப்பாளரின் துணிபு.

எண்ணிக்கையை மட்டும் கொண்டு மொழிகளை ஒப்பிடும் கட்டுரைகளைப் பட்டியலில் சேர்ப்பதா என்ற தயக்கம் நெடுநாள் இருந்தது. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியா, சுவீடன் நாட்டவர் ஒருவர் இயக்கிய தானியங்கியால் பல லட்சம் கட்டுரைகள் பெற்று உலகின் முன்வரிசையில் நிற்கிறது. இந்தியச் சிற்றூர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் பலவும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை ஒரே வாக்கிய அச்சில் வார்த்துத் தானியங்கி இட்டவையே. சேர்க்கலாம், ஆனால் தானியங்கிக் கட்டுரைகள் கழிக்கப்பட்டனவா என்ற குறிப்புடன் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. இதற்கு நேர்மாறான வகையும் அருகிலேயே உண்டு: நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் 2022 மே மாதம் தொடங்கிய ‘தமிழ் விக்கி’, பலர் எழுதினாலும் ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பின்பே வெளியிடும் முறையைக் கொண்டது. ஒரே மொழியில், ஒரே காலத்தில், திறந்த முறையும் குழு முறையும் அருகருகே இயங்குவது ஆய்வாளருக்கு எளிதில் வாய்க்காத ஒப்பீட்டுக் களம்.

சிறிய மொழிகளின் ஆய்வில் மறைபெயர் மறைப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘நிர்வாகி ஒருவர்’ என்றால் பல நூறு பேருள் ஒருவர்; தமிழில் ‘இலங்கையில் பிறந்து, உயிரியல் கட்டுரைகள் எழுதும் நிர்வாகி’ என்று ஆய்வாளர் எழுதிவிட்டால், ஆலமரத்தடியில் உள்ள எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கோயிலுக்கு மேற்கே மாடி வைத்த வீடு என்று சொன்னால் போதும், பெயர் வேண்டாம் என்பது பூதப்பாண்டியிலும் உள்ள நிலைதான். அத்தகைய பகுதிகளைத் தமிழ்ச் சுருக்கத்தில் தொகுப்பாளர் விட்டுவிடுகிறார், விட்டதையும் குறிப்பிடுகிறார்.

அச்சிட்ட சான்றில்லாத அறிவைக் களஞ்சியம் எவ்வாறு ஏற்பது என்ற கேள்வியை 2011இல் அச்சல் பிரபாலா ஓர் ஆவணப் படத்தின் வழி எழுப்பினார். கேரளத்திலும் வட இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்கள் வாய்மொழியாகச் சொன்னவற்றை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே மேற்கோளாகக் கட்டுரையில் இணைத்துப் பார்த்த முயற்சி அது. மலைக்கு அப்பால் நடந்த அம்முயற்சி பற்றிய குறிப்புக்கே பூதப்பாண்டிப் பட்டியலில் மிகுந்த வாசிப்பு. வில்லுப்பாட்டும் பழையாற்று மடைகளின் பெயர்களும் கணியான் கூத்தின் முறைகளும் ஏட்டில் பாதி, வாயில் பாதியாக வாழும் நாட்டில் அது வியப்பன்று. எழுத்துச் சான்று கேட்கும் மெய்யறிதன்மை விதியைத் தளர்த்தினால் கட்டுக்கதையும் நுழையும் என்று எதிர்ப்போர் சொன்னதும் அதே குறிப்பில் இடம்பெற்றுள்ளது.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனோடு இவ்வூர்ப் பெயரை இணைப்போர் உண்டு. பூதலிங்க சுவாமி கோயிலோடு இணைப்போரும் உண்டு. அம்மன்னன் பெயரில் புறநானூற்றின் 71ஆம் பாட்டும், அவன் தேவி பெருங்கோப்பெண்டின் பெயரில் 246ஆம் பாட்டும் நிற்கின்றன. பாடியவர் யார், எச்சூழலில் பாடப்பட்டது என்பது பாட்டின் அடியில் தொகுத்தவர் எழுதிய குறிப்பால்தான் தெரிகிறது. குறுந்தொகையையும் ஐங்குறுநூற்றையும் தொகுத்தவர் பெயர்கள் கிடைத்துள்ளன, புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. பூதப்பாண்டிப் பட்டியலில் அண்மையில் சேர்ந்த கட்டம் ‘குறிப்பு எழுதியவர்’ என்பது. இரண்டாம் ஒருவர் உதவிக்கு வந்த பின்பே அதன் தேவை தெரிந்தது, பழைய பதிவுகளில் அதை நிரப்பும் வேலை இன்னும் முடியவில்லை.